சிப்பி, சங்கு, கடற்கரைக் கட்டை: வீட்டை அலங்கரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு முன்னறையில் சிப்பிகள் இருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பதும், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் பழகியது ராமநாதபுரம், தூத்துக்குடி, குமரிப் பக்கக் கடற்கரைகள். அதனால் உதாரணங்களும் அங்கிருந்துதான் வரும்.

எந்தப் பீச்சுக்குப் போனா நல்ல சிப்பி கிடைக்கும்?

கூட்டம் குறைவான இடம் எதுவானாலும் கிடைக்கும். தனுஷ்கோடி, அரியமான், மணப்பாடு பக்கமெல்லாம் விதவிதமாகக் கரை ஒதுங்கும். காற்றும் அலையும் பலமாக இருந்து அடங்கிய மறுநாள் விடிகாலையில் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக வற்றும் என்பதால் அந்த நாட்கள் இன்னும் நல்லது. அலை கடைசியாக வந்து திரும்பிய கோட்டில் பாசியும் குப்பையும் வரிசையாகக் கிடக்குமே, அதைக் கிளறினால் போதும்.

இன்னொரு நல்ல இடம் மீனவர்கள் வலை உதறும் இடம். வலையில் சிக்கி வந்து விலை போகாத சங்கும் மட்டிச் சிப்பியும் அங்கே குவிந்து கிடக்கும். "அண்ணே, இது எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர்களே பொறுக்கிக் கொடுப்பார்கள். ஆனால் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பொறுக்கும் எண்ணமே வேண்டாம்.

ரெண்டு சிப்பி எடுத்தா கடல் என்ன குறைஞ்சா போயிடும்?

ரெண்டு எடுத்தால் குறையாது. சாக்கில் அள்ளினால் குறையும். ஸ்பெயினில் சலோ என்ற ஊரின் கடற்கரையில் 1978 முதல் 1981 வரையிலும், பிறகு 2008 முதல் 2010 வரையிலும் கிளிஞ்சல்களை எண்ணிப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்கானார்கள். கிளிஞ்சல் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. பொறுக்கியது மட்டுமே காரணம் என்றில்லை, கடற்கரையைச் சுத்தம் செய்யும் வண்டிகளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள்.

காலிச் சங்கு சும்மா கிடப்பதாக நமக்குத் தெரிகிறது. சங்கு நண்டுக்கு அதுதான் வீடு. அது வளர வளர பெரிய சங்காகத் தேடி மாறிக்கொண்டே இருக்கும். நல்ல முழுச் சங்காகக் கிடைத்தால் ஒன்றை எடுத்து ஒன்றை விடுங்கள். என் அளவு ஒரு கைப்பிடி. அதற்கு மேல் எடுத்து வந்தால் எப்படியும் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கப் போகிறது.

உள்ளே உயிர் இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?

இரட்டைச் சிப்பி இறுக மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். சங்கின் வாயில் நகம் போன்ற கடினமான மூடி இருந்தாலும் அப்படித்தான். வாய் திறந்து காலியாகத் தெரிந்தால் உடனே பையில் போடாமல் ஈர மணலில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். உள்ளே நண்டு இருந்தால் மெல்லக் காலை நீட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஐஸ்கிரீம் கூம்பு போல ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய, அழகான புள்ளியும் வலையும் போட்ட கூம்புச் சங்குகள் நம் கடலிலும் உண்டு. அதிலுள்ள உயிரி விஷ ஊசி வைத்திருக்கும். சில வகைகளின் விஷம் மனிதரைக் கொல்லக்கூடியது. உயிரோடு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே கையால் தொட வேண்டாம். பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்து ரெண்டே நாள்ல நாத்தம் தாங்கல. என்ன பண்றது?

உள்ளே சதை மிச்சம் இருக்கிறது. வலை உதறும் இடத்தில் எடுத்தவற்றில்தான் இது அதிகம். பச்சைத் தண்ணீரில் சங்கைப் போட்டு அதோடு சேர்த்தே சூடேற்றி, ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, அந்தத் தண்ணீரிலேயே ஆற விடுங்கள். கொதிக்கும் நீரில் நேரடியாகப் போட்டால் விரிசல் விடும். ஆறியதும் வளைந்த கம்பியாலோ ஊக்காலோ சதையைச் சுழற்றி இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் தோட்டத்தில் மண்ணுக்குள் வாய் கீழாகப் புதைத்துவிடுங்கள். மிச்ச வேலையை எறும்பு பார்த்துக்கொள்ளும்.

சோழியை மட்டும் கொதிக்க வைக்காதீர்கள். அதன் இயற்கையான மினுமினுப்பு போய்விடும். சோழிக்கு மண்ணும் பொறுமையும்தான்.

சதை இல்லாத காலிச் சிப்பிக்கு நல்ல தண்ணீரில் ஊற வைத்தலே போதும். தினமும் தண்ணீரை மாற்றி ஒரு வாரம் ஊற வையுங்கள். உப்பு முழுக்க இறங்க வேண்டும். உப்பு தங்கினால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், ஒட்டிய பசையும் விட்டுப் போகும். பாசியும் வாடையும் போகாவிட்டால் பிளீச்சிங் திரவத்தைச் சம அளவு தண்ணீரில் கலந்து சில மணி நேரம் போட்டு எடுத்து நன்றாக அலசுங்கள். மேலே பழுப்புத் தோல் போல ஒட்டியிருப்பதும் அதில் கழன்றுவிடும்.

வினிகர்ல போட்டா பளிச்சுன்னு ஆகும்னு வீடியோல காட்றாங்களே?

ஆகும். ஏனென்றால் மேல் அடுக்கு கரைந்து போகிறது. சிப்பி, சங்கு, சோழி எல்லாமே அடிப்படையில் கால்சியம் கார்பனேட், நம் ஊர்ப் பேச்சில் சுண்ணாம்புக் கல். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் மழமழப்புக்குக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும்தான் காரணம் என்பார்களே, அதே பொருள்தான். புளிப்பு எதுவானாலும், வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எல்லாமே, அதைத் தின்னும். குமிழி குமிழியாக வருவது அழுக்கு போவதல்ல, சிப்பி போவது. மெல்லிய சிப்பியில் வரியும் நிறமும் சேர்ந்தே காணாமல் போகும்.

கொட்டலசு (சிப்பி மேல் கல் போல ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிரி) ஒட்டியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், ஒரு சின்ன உளியும், மெதுவான கையும் போதும். அதைவிட முக்கியமானது: பிளீச்சிங் திரவம் இருந்த பாத்திரத்தில் வினிகரோ ஆசிட்டோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்க்கும்.

கடல்ல நனைஞ்சப்போ இருந்த கலர் காஞ்சதும் போயிடுச்சு. திருப்பிக் கொண்டு வர முடியுமா?

பஞ்சில் சில துளி பேபி ஆயில் தொட்டுத் தேய்த்து, ஒரு நாள் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நனைந்த நிறம் முக்கால்வாசி திரும்பும். தேங்காய் எண்ணெய் தடவினால் நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும். வார்னிஷ் அடித்தால் மினுங்கும், ஆனால் கண்ணாடித்தாள் சுற்றிய மாதிரி ஒரு செயற்கைத்தனம் வந்துவிடுகிறது, சில வருடங்களில் மஞ்சளும் அடிக்கிறது. வெளியில் தொங்கும் பொருளுக்கு மட்டும் வார்னிஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரத்தில் வைத்தால் என்ன தடவினாலும் நிறம் வெளுக்கும். அங்கே ஏற்கெனவே வெள்ளையாக இருப்பவற்றை வையுங்கள்.

எந்தப் பசை நிக்கும்? ஹாட் குளூல ஒட்டினது எல்லாம் மே மாசம் விழுந்துடுச்சு.

விழத்தான் செய்யும். ஹாட் குளூ சூட்டில் இளகும் பொருள், நம் ஊர் மொட்டை மாடிச் சூட்டுக்கு அது ஆகாது. மரம், அட்டை, துணி மேல் சின்னச் சிப்பி என்றால் ஃபெவிக்கால் போதும், ஒரு இரவு அசையாமல் காய விடுங்கள். கண்ணாடி, ஓடு, கனத்த சங்கு என்றால் அரால்டைட் மாதிரி இரண்டு குழாய் கலந்து ஒட்டும் வகை. சிப்பியின் அடிப்பக்கம் வளைவாக இருப்பதால் தொடும் இடம் குறைவு. எம்-சீல் உருண்டையைக் குழியில் அடைத்து, அதன் மேல் பசை தடவினால் பிடிப்பு நன்றாக இருக்கும். மேலே சொன்ன மாதிரி உப்பு இறங்காத சிப்பியில் எந்தப் பசையும் நிலைக்காது.

உடையாம ஓட்டை போடுறது எப்படி?

ஓட்டை போட்டதையே பொறுக்குங்கள்! மட்டிச் சிப்பிகளில் கீல் பக்கத்துக்கு அருகே அச்சில் வார்த்தது போல ஒரு வட்டத் துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிலாச் சங்கு போன்ற ஊன் உண்ணும் நத்தைகள் துளைத்து உள்ளிருந்ததைத் தின்ற தடம் அது. தோரணம் கட்ட அதைவிட நல்ல துளை நம்மால் போட முடியாது.

நாமே போடுவதென்றால் சின்ன டிரில், 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் முனை. கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, சிப்பியை ஈரமாக வைத்துக்கொண்டு முகக்கவசம் போட்டுத் துளையுங்கள். பிளக்கில் ஓடும் டிரில்லை நீரருகே கொண்டு போகாமல் பேட்டரி டிரில் அல்லது கை டிரில் பயன்படுத்துங்கள். கோர்ப்பதற்குத் தூண்டில் நரம்பு. நூல் காற்றில் உரசி அறுந்துவிடும்.

எங்க, எப்படி வெச்சா நல்லா இருக்கும்? எங்க வீட்ல ஏதோ கடை மாதிரி தெரியுது.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் சிப்பி பதிப்பது, சிப்பியில் செய்த ஆமை, சிப்பியில் செய்த பிள்ளையார், இதெல்லாம் மாமல்லபுரத்திலும் குமரியிலும் கடையில் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டுச் சுவரில் தூசிதான் பிடிக்கும். துடைக்கவும் முடியாது.

ஒரே இனத்தைச் சேர்த்து வையுங்கள். வெள்ளை மட்டி மட்டும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில். சோழி மட்டும் ஒரு கண்ணாடி ஜாடியில். முள்ளிச் சங்கு ஒன்றே ஒன்று, தனியாக, பின்னால் இருண்ட நிறச் சுவர். பாட்டி வீட்டுப் பல்லாங்குழிப் பலகை பரணில் இருந்தால் இறக்குங்கள். குழிக்கு ஒரு வகையாகச் சிப்பி வைத்தால் அதற்கு மேல் அலங்காரம் தேவைப்படாது. விளையாட ஆள் வந்தால் எடுத்துவிட்டு ஆடவும் செய்யலாம். உருளி நீரில் பூ மிதக்க விடுபவர்கள் அடியில் நாலு சிப்பி போட்டுப் பாருங்கள், நனைந்த நிறம் எண்ணெய் இல்லாமலே கிடைக்கும்.

கீழ்த்தட்டில் மட்டும் வேண்டாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சோழி நேராக வாய்க்குத்தான் போகும்.

சிப்பி தவிர வேற என்னல்லாம் எடுத்துட்டு வரலாம்?

அலையில் உருண்டு முனை மழுங்கிய கண்ணாடிச் சில்லு அருமையான பொருள். கடலுக்கு அது குப்பை என்பதால் எடுப்பதில் குற்ற உணர்வும் இல்லை. சவுக்குத் தோப்பை ஒட்டிய கரையில் சவுக்குக் காய்கள் கொட்டிக் கிடக்கும், கோர்த்தால் அழகான சரம். கணவாய் ஓடு வெள்ளையாக, எடையே இல்லாமல் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது இதைத்தான். அலங்காரத்துக்கு அது உடையும், வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் இருந்தால் கூண்டில் மாட்டிவிடுங்கள்.

நட்சத்திர மீனை எடுக்க வேண்டாம் என்பேன். கரையில் கிடப்பது பெரும்பாலும் இன்னும் உயிரோடு இருக்கும். கடையில் விற்பதும் பெரும்பாலும் உயிரோடு பிடித்துக் காய வைத்ததுதான்.

ஒரு அழகான கட்டை கிடைச்சுது. அப்படியே ஹால்ல வெக்கலாமா?

வைக்கலாம், உடனே அல்ல. கட்டைக்குள் கப்பல் புழு துளைத்த சுரங்கங்கள் இருக்கும், அவற்றில் உப்பும் செத்த உயிரிகளும் அடைந்திருக்கும். சிமென்ட் தொட்டியில் முழுக்க மூழ்கும்படி கல்லை ஏற்றி வைத்து, நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாரம் ஊற விடுங்கள். பிறகு நிழலில் காய வையுங்கள். சுள்ளென்ற வெயிலில் காய்ந்தால் வெடிக்கும். காய்ந்த பின் அடியில் புதிதாக மரத்தூள் கொட்டினால் நிலத்துப் பூச்சி ஏறியிருக்கிறது. அதை மற்ற மரச் சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள்.

செத்துப் போய் ஒதுங்கின பவளப்பாறைத் துண்டுதானே, அதை எடுத்தா என்ன?

எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் பாறை உருவாக்கும் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை, சில சங்கு வகைகள் எல்லாம் சேர்ந்தன. பட்டியல்கள் 2022 திருத்தத்தில் மாற்றி அடுக்கப்பட்டன. யானை தானாகச் செத்தாலும் தந்தத்தை எடுத்து வீட்டில் வைக்க முடியாதில்லையா, அதே கதைதான். கரை ஒதுங்கியது, செத்தது என்பதெல்லாம் விலக்கு ஆகாது.

சங்குகளில் கவனிக்க வேண்டியவை: சுருள் ஓடுள்ள நாட்டிலஸ், கனத்த தலைக்கவசச் சங்கு, டிரைடன் எனும் நீண்ட ஊதுசங்கு, ட்ரைடாக்னா எனும் ராட்சத மட்டி, ஓரத்தில் விரல் விரலாக நீண்டிருக்கும் விரல் சங்குகளில் சில. கோவாவின் பழைய வீடுகளில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்திருக்கும் மெல்லிய, ஒளி ஊடுருவும் சிப்பியும் பட்டியலில் உண்டு.

கடையில பில் போட்டு வாங்கினது. அப்போ பிரச்சினை இல்லைதானே?

பில் இருப்பது மட்டும் அனுமதி ஆகாது. முன் பதிலில் சொன்ன வகை எதுவும் கடையில் கண்ணில் பட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள். மற்றபடி ராமேஸ்வரத்திலும் குமரியிலும் விற்பவை எல்லாமே அந்தந்தக் கடலில் கிடைத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த சிப்பிகளும் கலந்திருக்கும். அளவுக்கு மீறி மினுங்குவது ஆசிட்டில் முக்கி எடுத்ததாக இருக்கலாம்.

வலம்புரிச் சங்கு ஆயிரம் ரூபாய்க்குத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா?

அந்த விலைக்கு உண்மையான வலம்புரி வராது. கூர்முனை மேலே, வாய் நம்மைப் பார்க்க நிறுத்தினால் சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும், வலம்புரிக்கு இடப்பக்கம். பூஜையில் முனையைக் கீழாகப் பிடிப்பதால் அது வலமாகத் தெரிகிறது. ஆனால் வாய்ப்பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்கக் கடலில் இயல்பாகவே இடப்பக்கம் வாய் உள்ள ஒரு நத்தை இனம் உண்டு, அதன் ஓட்டைத்தான் வலம்புரி என்று தள்ளிவிடுகிறார்கள்.

வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் சங்கு இனத்துக்கு அங்கே மூன்று நான்கு வரம்புகள் மேடு மேடாகத் தட்டுப்படும். அமெரிக்கச் சரக்கில் அது வழுவழுவென்றிருக்கும். அலங்காரத்துக்குத்தான் வேண்டும் என்றால் சாதாரண இடம்புரிச் சங்கே கம்பீரமானது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சங்கு குளித்து எடுத்ததுதான் வங்காளத்துக்குப் போய் கல்யாணமான பெண்களின் வளையல் ஆகிறது.

கன்னியாகுமரில கலர் கலரா மணல் பாக்கெட் வாங்கினேன். பாட்டில்ல அடுக்கி வெக்கலாமா?

குமரி அம்மனின் கல்யாணம் நின்று போனதால் சமைக்காமல் விட்ட அரிசியும் பருப்புமே மணலானது என்று கதை சொல்லி விற்பார்கள். உண்மையில் சிவப்பு மணல் கார்னெட், கருப்பு மணல் இல்மனைட் என்ற கனிமங்கள். அந்தக் கரையின் மணலில் மோனசைட்டும் உண்டு, அதில் தோரியம் எனும் கதிரியக்கப் பொருள் இருக்கிறது. பக்கத்து மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனம் இந்தக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. மூடிய சின்ன பாட்டிலில் ஷெல்ஃபில் இருப்பதற்காகப் பயப்பட வேண்டாம். பிள்ளைகள் அளைந்து விளையாடவோ, தூசி பறக்கும்படி திறந்த தட்டில் பரப்பவோ கொடுக்காதீர்கள். கரையிலிருந்து நீங்களாக அள்ளிக்கொண்டு வரவும் வேண்டாம்.

கண்ணாடி அலமாரியில பத்திரமா வெச்ச சிப்பி மேல வெள்ளையா மாவு மாதிரி படியுது. பூஞ்சையா?

பெரும்பாலும் இல்லை. முதலில் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். கரைந்து போய் அடியில் சிப்பி பழையபடி இருந்தால் அது உப்பு, நாற்றத்துக்கான பதிலில் சொன்னபடி மறுபடி ஊற வையுங்கள். கழுவிய பின்னும் மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாக இருந்தால் விஷயம் வேறு. அருங்காட்சியகக்காரர்கள் இதை பைன் நோய் என்பார்கள். 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதும்போது கிருமி என்று நினைத்தார். உண்மையில் இது வினிகர் கேள்வியில் பார்த்த அதே வேலை. பிளைவுட், எம்.டி.எஃப். பலகை, சில மரங்கள், அட்டைப்பெட்டி ஆகியவற்றிலிருந்து புளிப்பு ஆவி மெல்லக் கசிகிறது. மூடிய அலமாரியில் ஈரமும் சேர்ந்தால் அது சிப்பியைத் தின்கிறது.

அலமாரியை அடிக்கடி திறந்து காற்றாட விடுங்கள். கண்ணாடியை ஒட்டிய சிலிக்கானில் வினிகர் வாடை அடித்தால் அது முழுக்கக் காயும் வரை உள்ளே எதையும் வைக்காதீர்கள். விலை உயர்ந்த சங்கை மூடிய மர அலமாரியை விடத் திறந்த ஷெல்ஃபில் வைப்பதே பாதுகாப்பு. தூசியைத் துடைத்துக்கொள்ளலாம்.

மீன் தொட்டியிலயும் பூந்தொட்டியிலயும் போடலாமா?

சுண்ணாம்பு என்பதை நினைவில் வைத்தால் பதில் தானாக வரும். தொட்டி நீரின் கடினத்தன்மையும் காரத்தன்மையும் ஏறும். மோலி, கப்பி தாங்கும், அவற்றுக்கு நல்லதும்கூட. டெட்ரா, டிஸ்கஸ் வகைகளுக்கு ஆகாது. செடிகளில் இட்லிப்பூ எனும் இக்சோரா புளித்த மண்ணை விரும்புவது, சிப்பி பரப்பினால் நாளடைவில் இலை மஞ்சளிக்கும். எண்ணெய், வார்னிஷ், ஆசிட் பட்ட சிப்பி எதுவும் மீன் தொட்டிக்குள் போகக் கூடாது.

சங்கெல்லாம் வீட்ல வெச்சா ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க.

இறுதி ஊர்வலத்தில் சங்கு ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கும், அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். அதே சங்கைத்தான் புது வீட்டு வாசற்படியில் பதிக்கிறார்கள், பூஜை அறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். இதைச் சொல்லியும் அத்தைக்கு மனம் ஒப்பவில்லை என்றால் சங்கை விட்டுவிட்டு மட்டியும் கண்ணாடிச் சில்லும் வையுங்கள். ஒரு சங்குக்காகச் சண்டை எதற்கு?

வெளிநாட்டுக் கடற்கரையில எடுத்ததை ஃபிளைட்ல கொண்டு வரலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியின் சர்தீனியா தீவில் மணலோ சிப்பியோ எடுத்தால் 500 முதல் 3000 யூரோ வரை அபராதம். பவளம், ராட்சத மட்டி, கரீபியக் கடலின் ராணிச் சங்கு, 2016இல் சேர்ந்த நாட்டிலஸ் ஆகியவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டு போவதென்றால் எதுவானாலும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு சிப்பியை அங்கேயே விடுங்கள்.

சேர்த்து வெச்சது அலுத்துப் போச்சு. திரும்பக் கடல்லயே போட்டுடலாமா?

எடுத்த அதே கரை, எண்ணெய் வார்னிஷ் எதுவும் படாதது என்றால் போடலாம், சங்கு நண்டுக்கு உதவும். வேறு கடலிலிருந்து வந்ததையும் பூச்சு அடித்ததையும் போட வேண்டாம். பூச்சில்லாத உடைந்த சிப்பிகளை நொறுக்கிக் கோழி வளர்ப்பவர்களிடம் கொடுங்கள், முட்டை ஓடு கெட்டிப்பட அதைத் தீவனத்தோடு வைப்பார்கள். வார்னிஷ் அடித்தவற்றை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்; கேட்க ஆள் இல்லை என்றால் குப்பைக்குத்தான் போகும்.